சுலோஜனா தைத்த எஞ்ஜின்

சரவணை ஊரில் சுலோஜனாவிடம் சட்டை தைக்கப் போகிறவர்கள் முதலில் திடுக்கிடுவது விறாந்தையில் நிற்கும் பொம்மையைப் பார்த்துத்தான். தையற்காரர்கள் அளவு பார்க்க வைத்திருக்கும் சாதாரணப் பொம்மைதான் அது. சுலோஜனா அதற்குச் சாம்பல் நிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு ஒன்றைப் போட்டு, தோளில் வெள்ளி நூலால் ஒன்பது நட்சத்திரம் தைத்து, தலை இல்லாத குறைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டையும் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஒருமுறை வேலணையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பொம்மையை மூன்று தரம் திரும்பிப் பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், “இது ஆர் பிள்ளை?” என்று கேட்டார்.

“அது நான்தான் மாமி,” என்றாள் சுலோஜனா.

பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. தாய் சறோஜினிதேவி ஒரு கிழமை அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

சுலோஜனாவுக்கு முப்பத்தேழு வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பொறியியல் பீடத்துக்கு எடுபடாமல் மயிரிழையில் தவறியவள். தகப்பன் காலமான பிறகு இருந்ததோ தாயும் மகளும்தான். ஒரே அண்ணன் நிசாந்தன் சுவிசில். இன்னொருமுறை சோதனை எடுக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தையல் வகுப்புக்குப் போனாள். சட்டை வெட்டுவதும் கேத்திர கணிதம்தான், ஆனால் இதற்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடச் சீருடை, சாறி பிளவுஸ், கலியாண வீட்டுப் பாவாடை என்று வருஷம் முழுக்க மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

விண்வெளிப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அது முற்றியது கொரோனா ஊரடங்கில். நிசாந்தன் லீவில் வந்தபோது விட்டுப்போன பழைய மடிக்கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஒன்பதாம் துறைமுகம்’ என்று வரும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு விண்கலத்தை ஓட்டவேண்டும். ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருக்கலாம், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கதைத்துக் கதைத்து ஓட்டவேண்டியதுதான். ஒருவர் சுக்கான், ஒருவர் பீரங்கி, ஒருவர் கவசம், ஒருவர் எஞ்ஜின். முடிவெடுக்க ஒரு கப்டன்.

சுலோஜனா கப்டனானாள். துணியில் கத்தரிக்கோலை வைத்தால் பிறகு யோசிக்க நேரமில்லை என்று பழகிய கை. கப்பலிலும் அவள் யோசித்து நின்றதில்லை. “விடு, அடி, திருப்பு” என்று அவள் கத்துவதைக் கேட்டு முன்வீட்டுக்காரர் ஒருநாள் பாம்பு வந்துவிட்டது என்று பொல்லோடு ஓடிவந்தார்.

விறாந்தைப் பொம்மை போட்டிருக்கும் கோட்டு அந்தக் கப்டனின் கோட்டு. ஊரடங்கில் சீருடை கேட்டு வர ஆளில்லாமல் வீட்டில் கிடந்த காற்சட்டைத் துணியில் தனக்காகத் தைத்தாள். அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. பகடைக்காய் போல ஆறு பக்கமும் புள்ளி வைத்த தலையணை. கணிப்பான் போலச் சட்டைத் தெறிகளை வரிசையாகத் தைத்த பென்சில் பை. கணினிக்குள் இருக்கும் பச்சைப் பலகையைப் பார்த்து, அதிலுள்ள செப்புக் கோடுகளை அப்படியே மஞ்சள் நூலால் எடுத்த ஒரு பச்சைப் பிளவுஸ். பச்சைப் பிளவுஸைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனபோது, அது எந்த ஊர் வேலைப்பாடு என்று நாலு பேர் கேட்டார்கள்.

ஊர் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டது சிவக்கொழுந்து மாமியால். மாமி கோயில் திருவிழாவுக்கு ஒரு நீலப் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தார். அதே நீலத்தில் சுலோஜனா தனக்கும் ஒன்று வெட்டி, முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரு விண்கலம் தைத்திருந்தாள். பழைய காலக் கணினி விளையாட்டுகளில் படங்கள் அப்படித்தான் கட்டம் கட்டமாக இருக்கும். அவசரத்தில் பொதி மாறிவிட்டது. சுலோஜனா அதைக் கண்டுபிடித்தபோது மாமி தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், முதுகில் விண்கலத்தோடு.

தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்ததும் சுலோஜனா பயந்து பயந்து கிட்டப் போனாள். அதற்குள் மாமியைச் சுற்றிப் பெண்கள்.

“எவ்வளவு வடிவான கோபுரம்! ஆரட்டைத் தைச்சது?”

“உவள் சறோவின்ரை பெட்டையிட்டைத்தான்,” என்று மாமி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுலோஜனாவால் அதை அப்படியே விடமுடியவில்லை. மாமியை ஒரு பக்கத்துக்குக் கூப்பிட்டு, “மாமி, குறை நினைக்காதேங்கோ. அது கோபுரம் இல்லை. விண்கலம். என்ரை பிளவுஸ் மாறி உங்களிட்டை வந்திட்டுது,” என்றாள்.

மாமி கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்க்க முயன்றார். எட்டவில்லை.

“எதெண்டாலும் மேலைதானே போகுது? இருக்கட்டும் விடு,” என்றார்.

அந்த மாதம் ஏழு பேர் அதே ‘கோபுரம்’ கேட்டு வந்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் சுலோஜனா அது விண்கலம் என்று சொன்னாள். இரண்டு பேர் மட்டும் உச்சியில் ஒரு கலசம் வைத்துத் தரச் சொன்னார்கள்.

அவளுடைய கப்பலில் எஞ்ஜின் பார்த்தவள் கிறிஸ்ரினா. வவுனியாவில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ், பதாகை வடிவமைக்கும் வேலை. வயது இருபத்தைந்து. கப்பல் எவ்வளவு அடிவாங்கினாலும், “பொறுங்கோ கப்டன், இன்னும் ஒரு நிமிசம் தாக்குப்பிடிக்கும்,” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். தாக்குப்பிடிக்கும். நாலு வருஷமாக அவர்கள் சனி, ஞாயிறு பின்னேரங்களில் குரலால் மட்டும் பழகினார்கள். மற்ற மூன்று பேரும் கனடாவிலும் நோர்வேயிலும் இருந்தார்கள்.

போன வருஷம் கொழும்பில் ஒரு விழா அறிவித்தார்கள். விளையாட்டு, சித்திரக்கதை, விண்வெளி என்று பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் தங்களுக்குப் பிடித்த வேடத்தைத் தாங்களே செய்து போட்டுக்கொண்டு வரும் விழா. மேடையும் உண்டு, போட்டியும் உண்டு. இலங்கையில் இருக்கும் இரண்டு பேரும் கட்டாயம் போகவேண்டும் என்று கடல் கடந்த மூன்று பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

“என்ரை உடுப்பு ஆர் தைக்கிறது?” என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

“கப்டன் தைப்பன். அளவெடுக்க இஞ்சை வாரும்.”

“வாறன். ஆனா உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். சரி, வந்து சொல்லுறன்.”

அவள் வருவதற்கு முதலே சுலோஜனா படம் கீறி, துணி வெட்டி வைத்துவிட்டாள். எஞ்ஜின்காரிக்குக் கணுக்கால்வரை இறங்கும் கரும்பழுப்புக் கோட்டு. நடக்கும்போது நிலத்தைத் தொட்டுத் தொடாமல் அசையவேண்டும் என்பது திட்டம்.

கிறிஸ்ரினா ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பஸ் எடுத்துப் பண்ணைப் பாலத்தால் வந்து இறங்கினாள். குரலைப் போலவே ஆளும் கலகலப்பு. ஜீன்ஸ் போட்டிருந்தாள். படலையிலிருந்து விறாந்தைக்கு நடந்துவரும்போது இடது கால் கொஞ்சம் பிந்தி வந்ததை சறோஜினிதேவி கவனித்தார். “பஸ்ஸிலை கால் விறைச்சுப் போச்சோ பிள்ளை?” என்று கேட்டு, இருக்கக் கதிரை இழுத்துப் போட்டார்.

“ஓம் அம்மா, அது விறைச்சு நிறைய வருசம்,” என்று சொல்லிவிட்டு, கிறிஸ்ரினா ஜீன்ஸைத் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.

அவளுக்கு ஒன்பது வயதில், சண்டை முடிகிற காலத்தில் ஷெல் விழுந்து போன கால். அவள் அதை மிகச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லிப் பழகிய வேகம் அது. சறோஜினிதேவி அடுப்பைப் பார்க்கப் போகிறவர் போலக் குசினிக்குள் போனார். உள்ளே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

சுலோஜனாவுக்கு நாலு வருஷமாக அறியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. வெட்டிய துணியை எடுத்து விரித்தாள்.

“நல்ல காலம், நான் நீளமாத்தான் வெட்டினனான். ஒண்டும் வெளியாலை தெரியாது.”

கிறிஸ்ரினா துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“அக்கா, தெரியாம இருக்கிறதுக்கு என்னட்டை ஏழு ஜீன்ஸ் கிடக்கு. நான் எஞ்ஜின்காரி எல்லோ? என்ரை கால்தானே எஞ்ஜின். அதைத் தைச்சுத் தாங்கோ.”

“காலையோ?”

“காலுக்கு ஒரு உடுப்பு. முழங்காலுக்கு மேலையிருந்து கணுக்கால் மட்டுக்கும். குழாய், ஆணி, லைற், எல்லாம் வைச்சு. பாக்கிறவை மற்றக் கால் ஏன் இப்பிடி இல்லையெண்டு கேக்கோணும்.”

சுலோஜனா வெட்டிய கோட்டை மேசையில் போட்டு, சோக்குக் கட்டியால் தொடை உயரத்தில் ஒரு கோடு இழுத்து, கத்தரிக்கோலை எடுத்து அந்த நீளத்தை அப்படியே வெட்டி எறிந்தாள். “கழட்டித் தாரும், அளவெடுப்பம்,” என்றாள்.

அன்று மத்தியானம் பொய்க்கால் மேசையில் நிற்க, அளவு நாடாவோடு அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிறிஸ்ரினா கதிரையில் இருந்து கதை சொன்னாள். சறோஜினிதேவி வந்து, மேசையில் நின்ற காலைக் கண்டு, அதை மெல்லத் தள்ளிவிட்டுச் சோற்றுத் தட்டை வைத்தார்.

முதலாவது உறை படுதோல்வி. ஓட்டோ இருக்கைக்குப் போடும் கறுப்பு ரெக்சினில், உள்ளே பஞ்சுத் தகடு வைத்துத் தைத்து வவுனியாவுக்கு அனுப்பினாள். பார்க்க அசல் இயந்திரம். கிறிஸ்ரினா காணொளியில் கூப்பிட்டாள். போட்டுக்கொண்டு நின்றாள், நடந்தாள். “இனி இருக்கப் போறன்,” என்றாள். முழங்கால் மடியவில்லை. இடது கால் பீரங்கி போல நேரே நீட்டிக்கொண்டு நிற்க, அவள் அப்படியே கட்டிலில் மல்லாக்காக விழுந்து, கூரையைப் பார்த்துச் சிரித்தாள். சுலோஜனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

முழங்காலுக்கு மட்டும் மெல்லிய துணி போட்டுப் பார்த்தாள். அது தொய்ந்து தொங்கியது. இலாஸ்டிக் போட்டாள். அது மேலே சுருண்டு ஏறியது. நாலு உறை கழித்துப் போட்டாயிற்று. கலியாணப் பிளவுஸ்காரர்கள் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பஜனை. தாயும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். பாடிக்கொண்டிருந்த சுலோஜனா திடீரென்று வாயை மூடிவிட்டு, ஆர்மோனியத்தைப் பார்க்கத் தொடங்கினாள். வாசிப்பவரின் இடது கை துருத்தியை அமர்த்துகிறது, மடிப்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. கை எடுபட, மடிப்பு விரிகிறது. கிழிவதும் இல்லை, தொய்வதும் இல்லை. அவள் தவழாத குறையாக ஆர்மோனியத்துக்குக் கிட்ட நகர்ந்து, தலையைச் சரித்து மடிப்புகளை எண்ணினாள்.

சறோஜினிதேவி அவளுடைய கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். “சாமியைப் பார். பெட்டியைப் பார்க்காதை.”

“ஒம்பது மடிப்பு அம்மா,” என்றாள் அவள்.

அடுத்த நாள் அவள் சாப்பிடவும் எழும்பவில்லை. செம்பு நிறத்தில் ஒரு தடித்த துணி எடுத்து, கஞ்சி போட்டு விறைக்க வைத்து, ஆர்மோனியத் துருத்தி போலவே ஒன்பது மடிப்பு அழுத்தி, ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் கறுப்பு நாடா பிடித்துத் தைத்தாள். முழங்காலுக்கு மேலும் கீழும் ரெக்சின், நடுவில் துருத்தி. பக்கத்தில் இழுத்துப் பூட்ட மேலிருந்து கீழ்வரை சிப். பழைய குடைக் கம்பிகள் குழாய்களாகின. கணுக்காலடியில் கோயில் அலங்காரத்துக்கு விற்கும் சின்னச் சிவப்பு லைற் மாலை.

கிறிஸ்ரினா காணொளியில் வந்தாள். கதிரையில் இருந்தாள். எழும்பினாள். இருந்தாள், எழும்பினாள், இருந்தாள். மடிக்கும்போது துருத்தி மெல்லிசாக ஒரு மூச்சு விட்டது.

“கப்டன்,” என்றாள் அவள், “எஞ்ஜின் வேலை செய்யுது.” வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்கிறவள், இந்த முறை சிரிக்கவில்லை.

கொழும்புக்குத் தனியாகப் போகவிட சறோஜினிதேவி சம்மதிக்கவில்லை. வேடம் போட்டு ஆடுகிற இடமாம், ஆர் வருவினமோ, என்ன நடக்குமோ என்று தானும் வெளிக்கிட்டார். சிவப்புக் கரை போட்ட நல்ல சேலையும், கைப்பையும், ஒரு போத்தல் சுடுதண்ணீரும். சுலோஜனாவின் கையில் ஹெல்மெட், தோளில் கோட்டு மூட்டை.

பஸ்ஸில் நடத்துனர் வல்லிபுரம் அண்ணை ஹெல்மெட்டைப் பார்த்தார். அதில் அவள் வெள்ளித் தகடும் இரண்டு கொம்பும் ஒட்டியிருந்தாள்.

“சூரன் போருக்கு இன்னும் நாள் கிடக்கே பிள்ளை?”

“இது சூரன் இல்லை அண்ணை. விண்கலக் கப்டன்.”

“அப்ப பஸ்ஸிலை ஏன் வாறீர்?” என்று கேட்டுவிட்டு, முன் இருக்கையில் ஹெல்மெட்டுக்கும் இடம் ஒதுக்கித் தந்தார்.

யாழ்ப்பாணத்தில் ரயிலெடுத்தார்கள். வவுனியாவில் கிறிஸ்ரினாவும் ஏறினாள். எஞ்ஜின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரே இருந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் அவளே விளக்கம் சொன்னாள். அனுராதபுரம் தாண்டமுதல் அந்தப் பெட்டியில் இருந்த அரைவாசிப் பேர் துருத்தியை மடித்து விரித்துப் பார்த்துவிட்டார்கள்.

மண்டபம் நிறையச் சனம். சிறகு வைத்தவர்கள், வால் வைத்தவர்கள், அட்டைப் பெட்டியால் ரோபோவானவர்கள். ஒரு பையன் கடதாசியாலேயே பத்தடி நீளப் பறவைநாகம் செய்து, மூன்று நண்பர்களோடு அதற்குள் புகுந்து நடந்தான். சறோஜினிதேவி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு பெண்ணின் பாவாடையைப் பிடித்து, அதன் கரைத் தையலைத் திருப்பிப் பார்த்து, “கை வேலை துப்பரவு,” என்று மகளுக்குச் சொன்னார்.

முதல் சுற்றில் எல்லோரும் மேடையில் ஒருதரம் நடந்தால் போதும். கப்டனும் எஞ்ஜின்காரியும் நடந்தார்கள். கிறிஸ்ரினா மேடை நடுவில் நின்று, மெதுவாக முழங்காலில் இருந்து எழும்பிக் காட்டினாள். துருத்தி விரிய, சிவப்பு லைற் எரிந்தது. சனம் கைதட்டியது. இறுதிச் சுற்றுக்கு எடுத்த பத்தில் அவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் கதிரை போதாது. படம் எடுக்க வந்தவர்கள் விடவில்லை. கிறிஸ்ரினாவும் எல்லோருக்கும் நின்று நின்று படம் எடுத்தாள். அவளுடைய முகம் வெளிறுவதை சறோஜினிதேவிதான் முதலில் கண்டார்.

“பிள்ளைக்கு நோகுது. அங்கை பார்.”

“ஒண்டுமில்லை அம்மா. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்,” என்றாள் கிறிஸ்ரினா.

நாலு வருஷமாகக் கேட்ட வசனம். சுலோஜனா அவளைச் சுவரோரம் நிலத்தில் இருத்தினாள். “கழட்டு,” என்றாள். அதுவரை அவளை ‘நீர்’ என்று கதைத்தவள், அந்த இடத்தில் ‘நீ’க்கு வந்துவிட்டாள்.

சிப் அசையவில்லை. ரெக்சின் வியர்வைக்கு ஊறி, பல் நெளிந்து சிக்கிவிட்டது. மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். உள்ளே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. உறை கழன்றால்தான் பொய்க்காலைக் கழற்றலாம்.

“விடுங்கோ அக்கா. இன்னும் அரை மணித்தியாலம்தானே. மேடை முடியட்டும்.”

சுலோஜனா தாயின் பக்கம் கையை நீட்டினாள். சறோஜினிதேவி கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கையில் வைத்தார். இரண்டு மாத வேலை. துருத்தியின் ஒன்பது மடிப்புக்கும் குறுக்கே அவள் மேலிருந்து கீழே வெட்டினாள். சில குடைக் கம்பிகள் கழன்று நிலத்தில் உருண்டன.

பொய்க்கால் கழன்றது. துண்டிக்கப்பட்ட இடம் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. சறோஜினிதேவி ஆறிப்போன போத்தல் தண்ணீரில் கைலேஞ்சியை நனைத்து, ஊதி ஊதி ஒற்றினார். கிறிஸ்ரினா நிலத்தில் உருண்ட கம்பியொன்றை எடுத்துப் பார்த்தாள்.

“வெட்டிப் போட்டீங்களே,” என்றாள் பிறகு.

“திரும்பத் தைக்கலாம். வா, வீட்டை போவம்.”

அந்த நேரம் அவர்களுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். சுலோஜனா எழும்பி, வரமாட்டோம் என்று சொல்லப் போனாள். கிறிஸ்ரினா அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“கப்டன், எஞ்ஜின் பழுதானா என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறது?”

“எஞ்ஜின்காரி அதைக் கழட்டிக்கொண்டு போய்த் திருத்துவாள்.”

இப்படித்தான் அவர்கள் இரண்டாம் முறை மேடையேறினார்கள். கிறிஸ்ரினா ஒற்றைக்காலில். வலது கை சுலோஜனாவின் தோளில். இடது கக்கத்தில், பிளந்த துருத்தியும் தொங்கும் கம்பியும் மினுங்கும் சிவப்பு லைற்றுமாக எஞ்ஜின். மேடைப் படியில் அவள் தடுமாற, கீழே நின்ற சறோஜினிதேவி பதறி ஓடிவந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். பிடித்தவரால் பிறகு விட ஏலவில்லை. மூன்று பேருமாக நடு மேடைக்கு வந்துவிட்டார்கள்.

அறிவிப்பாளர் இளம் பெடியன், என்ன நடக்கிறதென்று விளங்காமல் தடுமாறி, சிங்களத்தில், “அம்மா, நீங்கள் எந்தப் பாத்திரம்?” என்று கேட்டு ஒலிவாங்கியை சறோஜினிதேவியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கலியாணம் முடித்த புதிதில் அவர் காலியில், கணவனின் பலசரக்குக் கடையில் ஆறு வருஷம் நின்று வியாபாரம் செய்தவர். சிங்களம் நாற்பது வருஷமாகப் பாவனையில் இல்லை, ஆனால் துருப்பிடிக்கவில்லை.

“நான் கப்பல் சொந்தக்காரி,” என்றார் சிங்களத்தில். “இவை ரெண்டு பேரும் என்னட்டை வேலை செய்யிறவை. எஞ்ஜினை உடைச்சுப் போட்டினம். இப்ப நான் என்ன செய்யிறது, சொல்லும்?”

சிரிப்பு அடங்க நிறைய நேரம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது, அது சிரிப்பைவிட நீளமாக நின்றது. கிறிஸ்ரினா எஞ்ஜினைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். சுலோஜனா அழுதுகொண்டிருந்தாள், ஹெல்மெட் போட்டிருந்தபடியால் யாருக்கும் தெரியவில்லை.

முதற்பரிசு கடதாசிப் பறவைநாகத்துக்குப் போனது. அது நியாயமான தீர்ப்பு என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிரவு வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் ரயிலில் வந்தார்கள். வவுனியாவில் இறங்கும்போது கிறிஸ்ரினா சறோஜினிதேவியைக் கட்டிப்பிடித்து, “முதலாளி, போட்டு வாறன்,” என்றாள்.

மேடையில் நடந்ததை யாரோ கைபேசியில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி, ஒரு கிழமை கழித்து சிவக்கொழுந்து மாமியின் கைபேசிக்கே வந்துவிட்டது. அடுத்த கிழமை, தெரியாத இலக்கங்களிலிருந்து சுலோஜனாவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண், தன் காலுக்கு மல்லிகைக் கொடி தைத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். திருகோணமலை ஆசிரியர் ஒருவர் சதுரங்கப் பலகை கேட்டார். வகுப்புப் பிள்ளைகள் அவருடைய காலைப் பார்த்துப் பார்த்துப் படிப்பைக் கோட்டை விடுகிறார்களாம். பார்ப்பதுதான் பார்க்கிறார்கள், பயனுள்ளதாகப் பார்க்கட்டும் என்றார்.

இரண்டாவது எஞ்ஜினை சுலோஜனா வேறு மாதிரித் தைத்தாள். சிப் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒட்டுநாடா. ஒரே இழுவையில் கழன்றுவிடும். கால் மூச்சுவிட உள்ளே பருத்தித் துணி. வடிவத்தைக் கிறிஸ்ரினா கணினியில் கீறி அனுப்புவாள், சுலோஜனா வெட்டித் தைப்பாள். சரவணை விறாந்தையிலிருந்து இதுவரை பத்தொன்பது கால்கள் வெளியே நடந்து போயிருக்கின்றன. சீருடையும் பிளவுஸும் குறையவில்லை. சனி, ஞாயிறு பின்னேரங்களில் கப்பலும் ஓடுகிறது.

போன மாதம் ஊர்காவற்றுறையிலிருந்து எமிலியானுஸ் என்று ஒரு கடற்றொழிலாளி வந்தார். அறுபது வயது இருக்கும். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் வலது காலை எடுத்துவிட்டார்கள். அவருக்கு விண்கலமும் வேண்டாம், கொடியும் வேண்டாம். தன்னுடைய படகை மகனுக்குக் கொடுத்துவிட்டாராம். அந்தப் படகின் நிறமும் கோடும் தன்னுடைய காலில் வேண்டும் என்றார். நீலம், கீழே சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு, படகு முகப்பில் கீறுவது போல முன்னுக்கு ஒரு கண். நிறம் பிசகக்கூடாதென்று பலகையிலிருந்து உரிந்த பெயின்ற் துண்டொன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

தைத்து முடிந்ததும் போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றார். திரும்பினார். முற்றத்தில் இறங்கிப் படலைவரை நடந்து, திரும்பி வந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது.

“என்ன ஐயா, பிடிக்கேல்லையோ?” என்று சுலோஜனா கேட்டாள்.

“நல்ல வடிவு பிள்ளை. நிறமெல்லாம் அச்சொட்டு. ஆனா…” அவர் குனிந்து காலைத் தொட்டுக் காட்டினார். “கண்ணைப் பின்பக்கம் வைச்சிட்டீர். நான் முன்னுக்கு நடக்க, படகு பின்னுக்கெல்லோ போகுது?”

சுலோஜனா பார்த்தாள். உண்மைதான். உறையை மேசையில் மல்லாத்திப் போட்டு வெட்டும்போது பக்கம் மாறிவிட்டது. மேசையிலிருந்த கைபேசியில், காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்ரினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரியாதை, படம் கீறினது நீ,” என்று சுலோஜனா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஐயாவைக் கதிரையில் இருத்தி, ஒட்டுநாடாவை ஒரே இழுவையில் உரித்து உறையை எடுத்தாள். கூரான கத்தரிக்கோலின் நுனியால் கண்ணின் தையலை ஒவ்வொரு நூலாகப் பிரிக்கத் தொடங்கினாள். குசினிக்குள்ளிருந்து சறோஜினிதேவி எட்டிப் பார்த்து, ஐயாவின் தேத்தண்ணீருக்குச் சீனி போடக்கூடாது, அப்படித்தானே என்று கேட்டார்.

“ஓம் அம்மா, வெறும் பிளேன்ரீ,” என்றார் எமிலியானுஸ், காலை நீட்டிச் சாய்ந்து இருந்தபடி.